ஹோங்குக்காக ஒரு நாற்காலி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பையன் இருந்தான். ராஜா மகனும் இல்லை, மந்திரி மகனும் இல்லை. புந்தோங்கில் லாரிப் பட்டறையில் வெல்டிங் அடிக்கும் தங்கையாவின் கடைசி மகன். ஊர் மலேசியாவில் ஈப்போ. பெயர் லோகேந்திரன், கூப்பிடுவது லோகேன். அவனுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. அந்தப் பெயர்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைப் பெர்ச்சாமில் ஒரு சீனக் கோப்பிக்கடையின் சுவரோர மேசையில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தது. எதிரே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் ஒரு விரிசலோடு, காலியாக. அதில் வந்து உட்காரப்போகிறவன் சுன் கிட். மெங்லெம்புவில் அவன் அப்பாவுக்கு மீன் கடை. தின்கிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன். மாதக்கணக்காக இருவரும் தினமும் பேசுகிறார்கள், செல்பேசியில் குரலை அனுப்பி அனுப்பி, நேரில் பார்த்ததில்லை. சுன் கிட்டின் முகத்தை லோகேன் படத்திலாவது பார்த்திருக்கிறான். லோகேனின் முகத்தைச் சுன் கிட் படத்தில்கூடப் பார்த்ததில்லை. தன்னோடு கான்டனீஸ் சீனத்தில் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிறவன் ஒரு தமிழன் என்று அவனுக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரிந்துவிடும். வரட்டும் என்று வேண்டிக்கொண்டான். அதே மூச்சில் அவன் மோட்டர்சைக்கிள் வழியில் பஞ்சராகட்டும் என்றும் வேண்டிக்கொண்டான். இரண்டையும் ஒரே முருகனிடம்தான் கேட்டான். முருகன் என்ன செய்வார் பாவம்.

பொய் சொல்லவில்லை, நான் பொய் சொல்லவில்லை. காலையில் சட்டையை இஸ்திரி போடும்போது தொடங்கிய பேச்சு, இன்னும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஹோங் என்ற பெயரை அவனா வைத்துக்கொண்டான்? பார்சல் கம்பெனியில் ஃபோன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு சூப்பர்வைசர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் பேரு கஸ்டமர் வாயில நுழையாது, ஃபோன்ல நீ ஹோங்" என்றார். அவ்வளவுதான், ஹோங் பிறந்துவிட்டான். சீனம் படித்தால் வேலை நிச்சயம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா சீனப்பள்ளியில் சேர்த்தாள். வகுப்பில் மாண்டரின், வகுப்புக்கு வெளியே பந்து பொறுக்கப் போன இடத்தில் கான்டனீஸ். அம்மா கணக்குத் தப்பவில்லை, வேலை கிடைத்தது. பார்சல் வரவில்லையென்று கத்திக்கொண்டு கூப்பிடுகிற கிழவிகள் அவன் குரலைக் கேட்டுக் கொஞ்சநேரத்தில் சாந்தமாகி, "நல்ல பிள்ளையா இருக்கியே, கல்யாணம் ஆச்சா, எனக்கு ஒரு பேத்தி இருக்கா" என்பார்கள். ஆண்களை ஆண்கள் தேடுகிற அந்தச் செயலியிலும் அதே பெயரைத்தான் போட்டான். சொந்தப் பெயரைப் போட்டு அப்பா பட்டறையில் யாராவது பார்த்துவிட்டால்? இனம் என்கிற இடத்தைக் காலியாக விட்டான். காலியாக விடுவது பொய்யா? ஆனால் சுன் கிட் காலியாக விடவில்லை. அவன் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: இந்தியர்கள் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள், ருசி அவ்வளவுதான். அதை லோகேன் முதல் நாளே படித்தான். படித்துவிட்டுத்தான், "உன் பின்னாடி தொட்டியில இருக்கிற மீனுக்கு ஏன் நெத்தி அப்படி வீங்கியிருக்கு, எங்கயாவது முட்டிக்கிச்சா" என்று குரல் அனுப்பினான். ஏன் அனுப்பினான்? இங்கேதான் யோசனை ஒவ்வொரு தடவையும் ஆணியில் மாட்டிய சட்டையாக நின்றுவிடுகிறது. அந்த வரியை எழுதாதவர்களா இல்லை அங்கே? இருந்தார்கள். கறுப்புதான் பிடிக்கும் என்று ஒருத்தர் வந்தார், இவன் தமிழன் என்று சொன்னதும், "நீ ரவுடியா, ரவுடி மாதிரி அதட்டிப் பேசு" என்றார். லோகேன் வீட்டுப் பூனையைக்கூட அதட்டியதில்லை. ருசியாம். நாக்கில் வைத்துப் பார்க்காமலே ஒரு ருசி.

முகம் கேட்டான் சுன் கிட், வாரம் ஒருமுறையாவது கேட்டான். வீட்டில் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்று இவன் சொன்னான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முகத்துக்குப் பதிலாக, பூப்பந்து மண்டபத்துச் சுவரில் சாயங்கால வெயிலில் நீளமாக விழுந்த தன் நிழலைப் படம் எடுத்து அனுப்பினான். "தோள் நல்லாயிருக்கு உனக்கு" என்று பதில் வந்தது, பின்னால் தொட்டிகளின் குமிழிச் சத்தம் குபுகுபுவென்று. நிழலில் எல்லாரும் ஒரே நிறம். அந்தக் குமிழிச் சத்தத்தைக் கேட்காமல் அவனுக்குத் தூக்கம் வராமல் போனது எப்போதிலிருந்து? தினமும் கடைசியாக இவன் கேட்பான், "மீனெல்லாம் சாப்பிட்டாச்சா?" அவன் சொல்வான், "சாப்பிட்டாச்சு, எல்லாம் சாப்பிட்டாச்சு, அந்த நொண்டி மீன்கூடச் சாப்பிட்டுருச்சு, நீ தூங்கு." கதையில் வருகிற அரக்கன் தன் உயிரை ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் ஒளித்து வைத்திருப்பான். இவன் தன் உயிரைத் தொண்டையில் வைத்திருந்தான். வாயைத் திறந்தால் ஹோங், மூடினால் லோகேன். போன வாரம் சுன் கிட் சொல்லிவிட்டான், "ஞாயித்துக்கிழமை வரலேன்னா நீ ஏமாத்துக்காரன்னு நினைச்சுக்குவேன். இல்லேன்னா போலீஸ்காரன்னு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனாலும் சொன்னான்.

கோப்பிக்கடையில் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம் டொக் என்றது. வாசலருகே ஒரு கிழவர் சீனப் பத்திரிகையை முகத்துக்கு நேராக விரித்திருந்தார். நடுமேசையில் ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகள், பக்கத்து மேசை நாற்காலியையும் இழுத்துப்போட்டு அதில் பள்ளிப்பையை உட்காரவைத்திருந்தார்கள். மீன்பந்துச் சூப்பின் வெள்ளைமிளகு வாசனை. இந்த ஊரில் ஒரு வழக்கம், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும்: தமிழ் முகத்தைப் பார்த்தால் சீனக் கடைக்காரரின் நாக்கு தானாக மலாய்க்குத் திரும்பிவிடும். அது மரியாதைதான், வேற்றாளுக்குக் காட்டுகிற மரியாதை. நேற்று இடம் பார்க்க வந்தபோது, கடைக்கார ஆன்டி மலாயில் என்ன வேண்டும் என்று கேட்க, இவன் பழக்கத்தில் கான்டனீஸில் பதில் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், ஆன்டி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்தா? என் பேரப்பிள்ளைங்க இங்கிலீஷ்லதான் தஸ்ஸுபுஸ்ஸுங்குதுங்க!" நாளைக்கு ஒரு சிநேகிதனோடு வருகிறேன் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லியும் தொலைத்தான். இன்றைக்கு உள்ளே நுழைந்ததும் அவன் கண் அவளைத்தான் தேடியது. ஆன்டி இல்லை, கோப்பி கலக்கிக்கொண்டிருந்த அவள் புருஷனிடம் மலாயில், தொண்டைக்குள்ளேயே, "கோப்பி ஓ பெங்" என்றான், பாலில்லாத ஐஸ் கோப்பி. ஏன் மலாயில் சொன்னான்? நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம். திரும்பிப் பார்க்கிற நாலு பேரில் ஒருத்தன் சுன் கிட்டாக இருந்துவிட்டால் என்ற பயம். கிள்ளானில் யாரையோ இப்படித்தான் ஒரு கடைக்கு வரச்சொல்லி, நாலைந்து பேராக வந்து அடித்து, ஃபோனைப் பிடுங்கி, வீட்டுக்கே படம் அனுப்பினார்களாம். சுன் கிட் அப்படிப்பட்டவன் இல்லை. இல்லைதான். ஆனால் ஏமாற்றப்பட்டவன் எப்படிப்பட்டவன் என்று யாருக்குத் தெரியும்? எழுந்து நின்று கத்தினால்? இவன் சீனன் மாதிரிப் பேசி என்னை, என்று தொடங்கினால்? பத்திரிகைக் கிழவர் பத்திரிகையைத் தாழ்த்துவார். பிள்ளைகள் பார்க்கும்.

அதைவிட ஒரு பயம் இருந்தது. அது அந்தச் சிரிப்பு. ஒருநாள் சுன் கிட் கடையில் நடந்ததைச் சொன்னான்: கரண்டு போன நேரம் ஒரு இந்தியன் மீன் வாங்க வந்தானாம், "முதல்ல பல்லு வந்துச்சு, ஆளு அப்புறமாத்தான் வந்தான்." சொல்லிவிட்டு அவனே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். லோகேன் பேருந்தில், ஜன்னலோரம், காதில் அதைக் கேட்டான். கேட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டு, சிரித்தான். ஹோங் சிரித்தான். ஹா என்று வாய்விட்டு, பக்கத்திலிருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கிறபடி. அந்தச் சிரிப்பை அனுப்பிவிட்டு ஜன்னல் கண்ணாடியில் பார்த்தபோது வெளியே இருட்டியிருந்தது, கண்ணாடியில் முதலில் தெரிந்தது அவன் பல்தான். இன்றைக்கு நான்தான் ஹோங் என்று சொன்னால், சுன் கிட் அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்ப்பானா? அன்றைக்கு நீயும்தானே சிரித்தாய் என்பானா? நான்தான் ஹோங். நான்தான் ஹோங். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பழகின வாக்கியம். உள்ளே வந்ததும், அவன் வாயைத் திறப்பதற்குள், இவன் சொல்லிவிடவேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஏற்பாட்டுக்குள் இன்னொருத்தரின் நினைப்பு நுழைந்தது, கூப்பிடாமல். பெயர்கூடத் தெரியாது, படத்தில் நெற்றியில் திருநீறும் கன்னத்தில் ஒரு குழியும். அதே செயலியில், புந்தோங்கிலிருந்தே, ஹோங் என்ற பெயரையும் மீறி எப்படி ஊகித்தாரோ, நல்ல தமிழில் எழுதியிருந்தார்: "சாப்பிட்டாச்சா தம்பி?" லோகேன் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவரைத் தடுத்துவிட்டான், இவனை அவர் பார்க்கமுடியாதபடி, அவரை இவன் பார்க்கமுடியாதபடி. பயம். புந்தோங்கில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், அவர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருந்தால்? பயம்தான். ஆனால் மெங்லெம்பு மட்டும் என்ன, கடல் தாண்டியா இருக்கிறது? பயம்தான், வேறொன்றுமில்லை. தைப்பிங்கிலிருந்து எழுதியவரையும்தானே தடுத்தாய், தைப்பிங்கில் உனக்கு யாரைத் தெரியும்? அவர்களில் ஒருத்தருக்காவது நீ பதில் எழுதியிருக்கிறாயா? அந்தக் குழிவிழுந்த கன்னத்தை நீ எத்தனை நொடி பார்த்தாய்? நீ உன் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம், எழுதாமலே செய்தாய். கிளாஸை எடுத்துக் குடித்தான். ஐஸ் கரைந்து மேலே வெறும் தண்ணீர், கோப்பி அடியில் கிடந்தது. அப்போது வாசலில் ஒரு மோட்டர் வந்து நின்றது.

பச்சைச் சட்டை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் முடி ஒரு பக்கமாக நட்டுக்கொண்டு நின்றது. இடது காது கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. படத்தில் அது தெரியவில்லை. அந்தக் காதுக்குள்ளேதான் நான் போயிருக்கிறேன் என்று நினைத்தான் லோகேன். நான்தான் ஹோங், இப்போது, எழுந்திரு. எழவில்லை. சுன் கிட் பக்கத்து மேசைக்கு வந்து நின்று ஃபோனைப் பார்த்தான். அந்தச் செயலியில் ஒரு பாழாய்ப்போன வசதி உண்டு, யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும். அதை மறைத்துவைக்க லோகேன் மறந்தே போயிருந்தான். ஹோங் இங்கேயே, கையெட்டுகிற தூரத்தில் இருக்கிறான் என்று அது காட்டியிருக்கவேண்டும். சுன் கிட்டின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு கடை முழுக்கத் தேடினான். பத்திரிகைக் கிழவரின் கைகளைப் பார்த்தான், வயதைப் பார்த்து விட்டுவிட்டான். குடும்பத்துத் தகப்பனைப் பார்த்தான், சந்தேகத்தோடு இன்னொரு தரம் பார்த்தான். கோப்பி கலக்குகிற இடத்தைப் பார்த்தான், கழிப்பறைக் கதவைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், லோகேனைப் பார்த்தான், ஐஸ் பெட்டியைப் பார்த்தான். மின்விசிறிமேல் நின்ற அளவுகூட அந்தப் பார்வை லோகேன்மேல் நிற்கவில்லை. அதில் வெறுப்பு இல்லை. வெறுப்பு இருந்திருந்தால் தேவலை. வெறுப்பதற்காவது பார்க்கவேண்டுமே.

பிறகு ஃபோனை வாயருகே வைத்துக்கொண்டு மெல்லப் பேசினான். "இங்கதான் இருக்க, காட்டுது. ஒளிஞ்சு விளையாடுறியா? வாடா, பசிக்குது." குமிழிச் சத்தம் இல்லாமல் அந்தக் குரலை லோகேன் முதல் தடவையாகக் கேட்டான், காற்றில் வந்தது, ஒரு மேசை தள்ளி, இவ்வளவு மெல்லிய குரலா இது. கேட்டு முடித்த பிறகுதான் அவன் மடியில் ஃபோன் விர்ரென்று அதிர்ந்தது. தொடையிடுக்கில் வைத்து அமுக்கினான். அது தொடையெலும்பு வழியாக முதுகுவரை ஏறியது. சுன் கிட் கோப்பி கலக்குகிறவரிடம் முட்டை சொல்லிவிட்டு உட்கார்ந்து, எதிரே பார்த்தான்; அவன் மேசையில் இன்னொரு நாற்காலி இல்லை, அதில்தான் பள்ளிப்பை உட்கார்ந்திருக்கிறதே. எழுந்து லோகேனிடம் வந்தான். இவ்வளவு பக்கத்தில், மீன் தீவனத்தின் காய்ந்த வாசனையோடு. சிரித்தான், வேற்றாளிடம் சிரிக்கிற நல்ல சிரிப்பு. மலாயில் கேட்டான், "பாங், இந்த நாற்காலிக்கு ஆள் இருக்கா?" பாங் என்றால் அண்ணன், முன்பின் தெரியாதவனைக் கூப்பிடுகிற அண்ணன். லோகேன் வாயைத் திறந்தான். உள்ளே ஹோங் இருந்தான், நாக்குக்கு அடியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. மூடிவிட்டான். ஆளில்லை என்று தலையை ஆட்டினான். "நன்றி பாங்." சுன் கிட் அந்த விரிசல்விட்ட சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் எதிரே போட்டு, உட்காரும் பலகையை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தும் வைத்தான். ஹோங் வந்து உட்காருவதற்காக.

போய்விடலாம். இப்போது எழுந்து போனால் ஒன்றும் ஆகாது, வராத ஹோங்கை அவன் கொஞ்சநாள் திட்டுவான், அப்புறம் மறப்பான், அந்த நொண்டி மீனும் ஒருநாள் சாகும். எழுவதற்கு மேசையில் கையை ஊன்றினான். கையைப் பார்த்தான், பளிங்கின் மேல் கறுப்பாக. அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டுத் திரையை விலக்கிக்கொண்டு ஆன்டி வந்தாள், தட்டில் அவித்த முட்டையோடு. "லெங் சாய்!" அழகுப் பையா என்று கடை முழுக்கக் கேட்கும்படி கான்டனீஸில் கூப்பிட்டாள். "வந்துட்டியா! எங்க உன் சிநேகிதன்?" லோகேன் தலையை ஆட்டினான், கெஞ்சுகிறதுபோல. "என்ன தலைய ஆட்டுற? வாயில என்ன, கொழுக்கட்டையா? நேத்து அந்தப் பேச்சுப் பேசின!" பக்கத்து மேசையிலிருந்து சுன் கிட் வேடிக்கை பார்த்தான். ஆன்டிக்கு அது போதாதா? "இந்தப் பையன் நம்ம பாஷை பேசுறதை நீ கேக்கணும் தம்பி. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா நம்ம வீட்டுப் பிள்ளைதான், சத்தியமா." "நெசமாவா ஆன்டி?" என்றான் சுன் கிட், அவளிடம் கான்டனீஸில். திரும்பி, இவனிடம், மலாயில், கேலி எதுவும் இல்லாத குரலில் கேட்டான்: "பாங், கொஞ்சம் பேசிக்காட்டுங்களேன்."

நான்தான் ஹோங். அந்த வாக்கியம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மின்விசிறி டொக் என்றது. பேசாமல் இருந்தாலும் போய்விடலாம், ஊமை என்று நினைத்துக்கொள்ளட்டும். அவன் காத்திருந்தான், அந்த நீட்டிய காது இவன் பக்கம் திரும்பியிருந்தது. ஆன்டி காத்திருந்தாள். பயம் தொண்டைக்கு ஏறி, அங்கே ஏற்கெனவே இருந்ததை முட்டித் தள்ளியது. லோகேன் பேசினான். தினமும் படுக்கையில் கிடந்து எந்தக் குரலில் கேட்பானோ அதே குரலில், கான்டனீஸில் கேட்டான்.

"மீனெல்லாம் சாப்பிட்டாச்சா?"

"கேட்டியா! கேட்டியா!" என்று ஆன்டி தட்டைத் தட்டினாள். "ஆமா, என்ன மீனு?" சுன் கிட்டின் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கடை மூடியபிறகும் அணைக்க மறந்த விளக்காக. கண் மட்டும் இவன் வாயைப் பார்த்தது, ஃபோனைப் பார்த்தது, மறுபடி வாயைப் பார்த்தது. பிறகு அவன் ஆன்டியைப் பார்த்தான், பத்திரிகைக் கிழவரைப் பார்த்தான், அந்தத் தகப்பனைப் பார்த்தான், யாருக்கும் விளங்கிவிட்டதா என்று. அந்தப் பார்வையை லோகேனுக்கு நன்றாகத் தெரியும். அது இவன் கண்ணாடியில் தினமும் பார்க்கிற பயம். அவனுக்கும் பயமா? அவனுக்கும்தான். அந்த ஒரு கணம் லோகேன் அவனை எத்தனை நேசித்தானோ அத்தனை எப்போதும் நேசித்ததில்லை. சுன் கிட் எழுந்தான். சிவப்பு நாற்காலியைத் தூக்கினான். இவன் மேசைக்கு எதிரே, பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தான். வைத்தவன் கையை எடுக்கவில்லை. கை நாற்காலி முதுகில், விரிசல்மேல் இருந்தது. உட்காரப்போகிறான் என்று லோகேன் நினைத்தான்.

"சுடா, பாங்" என்றான் சுன் கிட். சாப்பிட்டாச்சு அண்ணே. மலாயில் சொன்னான்.

கை நாற்காலியை விட்டது. ஹெல்மெட்டை மாட்டி முகக்கண்ணாடியை இறக்கிக்கொண்டுதான் வாசலைத் தாண்டினான். மோட்டர் கிளம்பியது. மடியில் கிடந்த ஃபோனை லோகேன் எடுத்துப் பார்த்தான். திரையில் தூரம் கூடிக்கொண்டே போனது, முதலில் தெருமுனை, பிறகு சந்தை, பிறகு எண் நின்றது, பிறகு நீட்டிய காது தெரியாத அந்தப் படம் போனது, பேசிய பேச்சு, குமிழிச் சத்தம், எல்லாம் போய் அந்த இடம் சாம்பல் நிறமாக இருந்தது, தடுத்துவிட்டான். இப்படித்தான் இருந்திருக்கும், புந்தோங்கில் அவருக்கும். சாப்பிட்டாச்சா தம்பி என்று கேட்டுவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

"யாரு அவன், உனக்குத் தெரிஞ்சவனா? முட்டைய சொல்லிட்டுச் சாப்பிடாமயே ஓடுறான்" என்றாள் ஆன்டி. தட்டை இவன் மேசையில் வைத்தாள். "சரி, நீ சாப்பிடு. உன் சிநேகிதன் இன்னும் வரலயா?"

"வந்துட்டுப் போயிட்டான் ஆன்டி" என்றான் லோகேன், கான்டனீஸில். பத்திரிகைக் கிழவர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார்.

"எப்ப? நான் பாக்கவே இல்லியே."

அவன் எழுந்தான். நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவைத்தான், இரண்டையும். ஆன்டி பின்னாலிருந்து முட்டை ஆறிப்போகும் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், முதலில் கான்டனீஸில், அவன் திரும்பாததைப் பார்த்து, பிறகு மலாயில். அவன் வெயிலில் இறங்கி நடந்தான்.